காற்றில் வந்த யோசனை: நம் கரைக்கு வானொலி சொன்னதும் சொல்லாததும்



மலருக்கு ஒரு வரலாற்றுக் கட்டுரை வேண்டும் என்று கூட்டமைப்பில் சொன்னார்கள். கொற்கை என்றால் பாண்டியர் துறைமுகம், முத்துக்குளிப்பு, வன்னிமரம் என்று எழுதலாம். அதெல்லாம் நம்ம பிள்ளைங்க பள்ளிக்கூடப் புத்தகத்திலேயே இருக்கு. நான் எழுத எடுத்துக்கொண்டது வானொலியின் வரலாறு. பாட்டுக்கும் பேச்சுக்கும் நடுவில், ஒரு பெண் எழுந்து போய் அன்றைக்கே செய்து பார்க்கக்கூடிய யோசனை எவ்வளவு வந்தது, யாருக்கு வந்தது, ஏன் இப்போது இவ்வளவு அரிதாகிப் போனது என்பதுதான் விஷயம்.

இது நமக்கு எதற்கு என்று கேட்பீர்கள். நம்ம குழுக் கூட்டத்துல தவணை வசூல் முடிஞ்ச பிறகு என்ன பேசுறோம்னு நினைச்சுப் பாருங்க. வாடைக்காத்து நேரத்துல கருவாடு ஈரம் பிடிக்காம எப்படிக் காயவைக்கிறது? உப்பளத்துல நின்னு நின்னு கால் வெடிச்சுப் போகுது, என்ன தடவலாம்? ஆட்டுக்குட்டிக்குக் கழிச்சல் நிக்கல, ஊசி எங்க போடுறாங்க? வங்கியில கடனோட சேர்த்து இன்சூரன்ஸ்னு பிடிச்சிருக்காங்களே, அது எதுக்கு? இந்த நாலு கேள்வியும் பணம் சம்பந்தப்பட்டது. பதில் தெரியாவிட்டால் நஷ்டம் நம் வீட்டுக்கு. காலை முதல் ராத்திரி வரை கடையிலும் பஸ்ஸிலும் ஆட்டோவிலும் வானொலி பேசிக்கொண்டே இருக்கிறது. இந்த நாலுக்கும் பதில் சொல்லி நான் கேட்டது மிகக் குறைவு.

பெட்டி வருவதற்கு முன்னால்

கடல் கொற்கையை விட்டு விலகிப் பல நூறு வருஷம் ஆகிவிட்டது. இன்றைக்கு ஊருக்கும் கடலுக்கும் நடுவே பல கிலோமீட்டர் தூரம். அதன் பிறகு பழையகாயல், புன்னைக்காயல், கடைசியில் தூத்துக்குடி என்று துறைமுகம் இடம் மாறிக்கொண்டே வந்தது. இந்தக் கரையில் சேதி வந்த வழி எப்போதும் மூன்றுதான்: தமுக்கு, கோயில் மணி, சந்தைப் பேச்சு. முத்துக்குளிப்பு என்றைக்குத் தொடங்கும் என்பது அரசாங்க அறிவிப்பு. தூத்துக்குடியில் நடந்த கடைசித் தொடர் முத்துக்குளிப்பு 1955 முதல் 1961 வரை. அதற்குப் பிறகு நம் கடலில் முத்துக்குளிப்பு நடக்கவில்லை.

தமுக்கு அடித்தால் தேதி தெரியும். கோயில் மணி விடாமல் அடித்தால் ஆபத்து என்று தெரியும். சந்தையில் நின்றால் விலை தெரியும். ஆனால் "ஏன்", "எப்படி" என்று திருப்பிக் கேட்க அதில் வழி இல்லை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். வானொலியின் கதையும் இந்த இடத்தில்தான் வந்து நிற்கிறது.

ஊர் நடுவே பேசிய பெட்டி

தமிழ்நாட்டில் வானொலி 1924-ல் சென்னையில் ஆரம்பித்தது. சி.வி. கிருஷ்ணசாமி செட்டியார் முன்நின்று நடத்திய சென்னை மாகாண ரேடியோ கிளப் தான் முதல் முயற்சி. பணமுடை வந்து, பிறகு சென்னை மாநகராட்சி அதை எடுத்து நடத்தியது. 1938-ல் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையமும், 1939-ல் திருச்சி நிலையமும் வந்தன. நம் பக்கத்துக்குத் திருநெல்வேலி நிலையம் 1963-ல் வந்தது. அப்போது ரேடியோ வைத்திருக்க லைசென்ஸ் வேண்டும். வருஷா வருஷம் தபால் ஆபீஸில் பணம் கட்ட வேண்டும். அதனால் வீட்டு ரேடியோ என்பது வசதிக்காரர் சமாச்சாரம். மற்றவர்களுக்குப் பஞ்சாயத்து ரேடியோதான். சாயங்காலம் ஆனால் ஒலிபெருக்கியில் ஊருக்கே கேட்கும்.

இந்தக் காலத்தில்தான் உலகத்தில் பல இடங்களில் வானொலியை வேலைக்கான யோசனை சொல்லும் கருவியாக மாற்றிப் பார்த்தார்கள். இங்கிலாந்தில் பி.பி.சி. 1951 முதல் நாடு முழுக்க ஒலிபரப்பிய 'தி ஆர்ச்சர்ஸ்' என்ற தொடர் நாடகம், போருக்குப் பின் விவசாயிகள் விளைச்சலைக் கூட்ட யோசனை சொல்வதற்காகவே தொடங்கப்பட்டது. குடும்பக் கதைக்கு நடுவில் உரமும் மாட்டு நோயும் வரும். கனடாவில் 1941 முதல் 1965 வரை வானொலிப் பண்ணை மன்றங்கள் நடந்தன. அக்கம்பக்கத்து வீட்டார் ஒரு வீட்டில் கூடி நிகழ்ச்சி கேட்பார்கள். முடிந்ததும் தங்களுக்குள் பேசுவார்கள். பேசியதை எழுதி நிலையத்துக்கு அனுப்புவார்கள். படி, கேள், கூடிப் பேசு, செய் என்பது அவர்கள் கொள்கை.

அந்த முறையை இந்தியாவில் 1956-ல் யுனெஸ்கோ உதவியோடு புனே வானொலி நிலையம் சோதித்துப் பார்த்தது. சுமார் 150 ஊர்களில் மன்றம் அமைத்தார்கள். வாரத்துக்கு இரண்டு நாள், அரை மணி நேரம், மொத்தம் 20 நிகழ்ச்சிகள். மன்றத்தில் ஒருவர் தலைவர், ஒருவர் எழுத்தர். நிகழ்ச்சி முடிந்த பிறகு ஊரார் கேட்ட கேள்விகள் நிலையத்துக்குப் போகும், அடுத்த நிகழ்ச்சியில் பதில் வரும். பால் நியூராத் என்ற ஆய்வாளர் மன்றம் இருந்த ஊர்களையும் இல்லாத ஊர்களையும் ஒப்பிட்டுப் பார்த்தார். மன்றம் இருந்த ஊர்களில் விஷயம் தெரிந்தவர்கள் நன்றாகக் கூடியிருந்தார்கள். தனியாக ரேடியோ கேட்டவர்களுக்கு அவ்வளவு பலன் இல்லை.

அந்த மன்றத்தை நம் குழுவோடு வைத்துப் பாருங்கள். இருபது பேருக்கு மிகாத கூட்டம், ஒரு தலைவி, ஒரு செயலாளர், ஒரு நோட்டு, குறிப்பிட்ட நாள், குறிப்பிட்ட நேரம். அன்றைக்குத் தேடி உண்டாக்கிய அமைப்பு இன்றைக்கு நம்மிடம் தயாராக இருக்கிறது.

தமிழ்நாட்டிலும் ஒரு பெரிய உதாரணம் உண்டு. 1960-களில் தஞ்சாவூர் மாவட்டத்தில் ஆடுதுறை 27 என்ற புது நெல் ரகம் வந்தபோது, திருச்சி வானொலி நாற்றங்கால் முதல் அறுப்பு வரை அந்தந்த வாரத்துக்கான வேலையை அந்தந்த வாரம் சொல்லிக்கொண்டே வந்தது. ஜனங்கள் அதற்கு வைத்த பேரே 'ரேடியோ நெல்'. 1966-ல் அகில இந்திய வானொலி நிலையங்களில் பண்ணை, இல்ல நிகழ்ச்சிகளுக்கென்றே தனிப்பிரிவுகள் ஏற்படுத்தத் தொடங்கினார்கள். வயலுக்குப் போய், விவசாயியைப் பேசவைத்து, பதிவு பண்ணிக்கொண்டு வந்து ஒலிபரப்புவது அவர்கள் வேலை.

பெண்ணுக்கு எதைச் சொன்னது

பண்ணை, இல்லம் என்று பேர் வைத்தார்களே, அந்தப் பேரிலேயே பங்கு பிரித்தாயிற்று. பண்ணை ஆணுக்கு, இல்லம் பெண்ணுக்கு. வயலில் நாற்று நடுவதும் களை எடுப்பதும் நாம்தான் என்றாலும், பூச்சி மருந்து யோசனையை ஆம்பளைக்குச் சொன்னார்கள். மகளிர் நிகழ்ச்சியில் சமையல், பிள்ளை வளர்ப்பு, சேமிப்பு, வீட்டு வைத்தியம். குடும்பக் கட்டுப்பாடும் தடுப்பூசியும் வானொலியால்தான் நம் பெண்கள் காதுக்குப் போயின. அதை நன்றியோடு சொல்ல வேண்டும். அம்மாமாரிடம் கேட்டால், அம்மை ஊசி பற்றி முதலில் காதில் விழுந்தது ரேடியோவில்தான் என்பார்கள்.

ஆனால் மீன் கூடை தூக்கி ஊர் ஊராக நடந்தவளுக்கு எந்தச் சந்தையில் என்ன விலை என்று யார் சொன்னது? கடலோர வானிலை அறிக்கையில் காற்றின் வேகமும் அலையின் உயரமும் வரும். கடலுக்குப் போகிறவருக்கு அது உயிர் காக்கும் சேதி, குறை சொல்ல முடியாது. கரையில் கருவாடு பரப்பியிருக்கிறவளுக்கும் அதே அறிக்கையில் ஒரு வரி சேர்த்திருக்கலாம்: நாளைக்கு மழை, இன்றைக்கே அள்ளிவிடுங்கள் என்று. உப்பளத்தில் வாருகிறவளுக்கும், பதனி காய்ச்சிக் கருப்பட்டி ஊற்றுகிறவளுக்கும், ஆத்தூர் வெற்றிலைக் கொடிக்காலில் கிள்ளுகிறவளுக்கும் அப்படித்தான். நம் உடம்பைப் பற்றியும் அடுப்பைப் பற்றியும் பேசிய அளவுக்கு நம் தொழிலைப் பற்றிப் பேசவில்லை.

அந்தக் காலத்தில் நம் கரையில் பெண்கள் விரும்பிக் கேட்டது இலங்கை வானொலி. சினிமாப் பாட்டு, பிறந்தநாள் வாழ்த்து, கொஞ்சிப் பேசும் அறிவிப்பாளர்கள். கடல் தாண்டி வருவதால் நம் ஊர் நிலையத்தைவிடத் தெளிவாகவே கேட்கும். 1957-ல் இந்திய அரசாங்கம் விவித பாரதி தொடங்கியதற்கே இலங்கை வானொலியின் செல்வாக்கு ஒரு காரணம். இதில் ஒரு வேடிக்கை. தூத்துக்குடியில் நிற்கும் 1053 கிலோஹெர்ட்ஸ் பெரிய ஒலிபரப்பிக் கோபுரத்தில் இலங்கை நேயர்களுக்கான தமிழ், சிங்கள நிகழ்ச்சிகள் போயின. நம்ம ஊர்க் கோபுரம் அக்கரைக்குப் பேசுச்சு, அக்கரை நிலையம் நமக்குப் பாட்டுப் போட்டுச்சு. உப்பு வாரும் பெண்ணின் கேள்வி இரண்டு பக்கமும் போகவில்லை.

பாட்டு கேட்டதைத் தப்பென்று நான் சொல்ல மாட்டேன். நாள் பூரா மீன் செதில் உரித்த கைக்குப் பாட்டும் ஒரு மருந்துதான். ஆனால் பாட்டுக்காகக் காத்திருந்த அந்தக் காதுக்கு, இரண்டு பாட்டுக்கு நடுவில் இரண்டு நிமிஷ யோசனை சொல்லியிருந்தால் கேட்டிருப்போம்.

பேச்சு பெருகியது, யோசனை குறைந்தது

1995-ல் உச்ச நீதிமன்றம் ஒரு முக்கியமான தீர்ப்புச் சொன்னது. ஒலி அலை பொதுச் சொத்து, அரசாங்கத்துக்கு மட்டும் சொந்தமில்லை என்றது. அதற்குப் பிறகு கதவு திறந்தது. 2001-ல் நாட்டின் முதல் தனியார் பண்பலை பெங்களூருவில் வந்தது. 2005-க்குப் பிறகு நடந்த இரண்டாம் கட்ட ஏலத்தோடு சின்ன நகரங்களுக்கும் பண்பலை பரவியது.

பொதுச் சொத்து என்று சொன்ன அலையை ஏலத்தில் எடுத்தவர், போட்ட பணத்தை விளம்பரத்தில்தான் எடுக்க வேண்டும். விளம்பரம் கொடுப்பவர் துணிக்கடை, நகைக்கடை, மனை விற்பவர். அவர்களுக்கு வேண்டியது டவுனில் வாங்குகிற ஆள். கருவாடு உலர்த்துகிற பெண்ணுக்காக யாரும் விளம்பரம் தருவதில்லை. அடுத்தது செலவு. பாட்டுப் போட்டு, நேயரோடு சிரித்துப் பேச ஒரு ஆள் போதும். கழிச்சலுக்கு யோசனை சொல்ல வேண்டுமானால் கால்நடை டாக்டரைக் கூப்பிட வேண்டும், ஊருக்குப் போய்க் கேள்வி வாங்க வேண்டும், சொன்னது சரிதானா என்று பார்க்க வேண்டும். தப்பாகச் சொன்னால் பதில் சொல்ல வேண்டும். சிரிப்புக்குப் பொறுப்பு இல்லை, யோசனைக்குப் பொறுப்பு உண்டு. பண்பலையில் தனியார் சொந்தமாகச் செய்தி சொல்லக்கூடாது என்ற அரசாங்க விதியும் சேர்ந்துகொண்டது.

இதில் இன்னொரு ஆபத்தும் இருக்கு. யோசனை மாதிரியே பேசி விற்பனை நடக்கும். மூட்டுவலிக்கு வைத்தியம், கடனுக்கு வழி, வீட்டு மனைக்கு அதிர்ஷ்டம் என்று அரை மணி நேரம் பேசுவார்கள். கடைசியில் ஒரு போன் நம்பர் வரும். நேரத்தைக் காசு கொடுத்து வாங்கிப் பேசுகிறவர் சொல்வது யோசனை ஆகாது. எங்கே நம்பரும் விலையும் சேர்ந்து வருதோ, அங்கே ஒரு தடவை நின்னு யோசிங்க.

அரசு வானொலியில் யோசனை அடியோடு நின்றுவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2004-ல் விவசாயிகளுக்காக கிசான் வாணி நிகழ்ச்சி தொடங்கியது. அதே வருஷம் விவசாயிகள் அழைப்பு மையம் வந்தது. 1800 180 1551 என்ற எண்ணுக்குக் காசில்லாமல் பேசலாம், தமிழிலேயே பதில் சொல்வார்கள். பயிர், ஆடு, மாடு, மீன் எதையும் கேட்கலாம். இந்த நம்பர் எத்தனை பேர் போனில் இருக்கிறது என்று அடுத்த கூட்டத்தில் கேட்டுப் பாருங்கள்.

நம் மாவட்டத்தில் அறிவுக்குப் பஞ்சம் கிடையாது. தூத்துக்குடியில் மீன்வளக் கல்லூரி 1977 முதல் இருக்கிறது. கிள்ளிகுளத்தில் வேளாண்மைக் கல்லூரி இருக்கிறது. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் தூத்துக்குடி மையம் 1973-ல் முத்துச்சிப்பியில் வளர்ப்பு முத்தை உண்டாக்கிக் காட்டியது. இத்தனை படித்தவர்கள் பஸ் போகிற தூரத்தில் இருக்கிறார்கள். நம் கேள்வி அவர்களிடம் போகவும், அவர்கள் பதில் நம்மிடம் வரவும் ஒரு வழிதான் இல்லை.

பெண்களே பேசிய இடங்கள்

அந்த வழியைச் சில ஊர்களில் பெண்களும் ஊராரும் சேர்ந்தே உண்டாக்கியிருக்கிறார்கள். புதுச்சேரிப் பக்கத்து மீனவ ஊர்களில் 1998-லிருந்து எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அறிவு மையங்களை அமைத்தது. வீராம்பட்டினத்தில் அலை உயரம், காற்று, மீன் விலை எல்லாவற்றையும் ஒலிபெருக்கியில் சொன்னார்கள். நல்லவாடு என்ற ஊரில் 2004 டிசம்பர் 26 காலை, சிங்கப்பூரில் இருந்த ஊர்க்காரர் ஒருவர் சுனாமி என்று போனில் சொன்னதும், அந்த மையத்து ஒலிபெருக்கியில் உடனே அறிவித்தார்கள். ஜனங்கள் கரையை விட்டு ஓடித் தப்பினார்கள். பல வருஷமாக உபயோகமான விஷயத்தையே சொல்லிவந்த ஒலிபெருக்கி என்பதால்தான், அது ஓடுங்கள் என்றதும் ஊரே ஓடியது.

தெலங்கானாவில் ஜஹீராபாத் பக்கம் மாச்சனூர் என்ற ஊரில் நம்மைப் போலச் சங்கம் வைத்திருந்த தலித் பெண்கள் 1998-லேயே ஒலிப்பதிவுக் கூடம் கட்டினார்கள். ஒலிபரப்ப உரிமம் கிடைக்கவில்லை. பத்து வருஷம் பதிவு செய்துகொண்டே இருந்தார்கள். விதை, பயிர், நாட்டு மருந்து, பாட்டு என்று நாடாக்கள் சேர்ந்தன. அவற்றைச் சங்கக் கூட்டங்களில் போட்டுக் கேட்டார்கள். 2006-ல் சமுதாய வானொலிக்கான விதி தளர்ந்தது. 2008 அக்டோபர் 15-ல் சங்கம் ரேடியோ காற்றில் ஏறியது. நடத்தியவர்கள் நரசம்மா என்ற ஒரே பேர் கொண்ட இரண்டு பெண்கள்.

நமக்குப் பக்கத்திலேயே பாம்பனில் 2016-ல் மீனவர்களுக்கென்று கடல் ஓசை என்ற சமுதாய வானொலி தொடங்கியது. கடல் நிலவரமும் மீன் வளமும் அதில் தினப்பேச்சு. தேனிப் பக்கம் விடியல் என்ற அமைப்பின் பெண்கள், ஆடு வளர்ப்பு யோசனைகளைக் கைபேசியில் குரல் செய்தியாகவே வாங்கிக் கேட்டுத் தொழில் செய்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவரும் கேட்கலாம் என்பது குரலின் பலம்.

நாம் செய்யக்கூடியது

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை நாம் யாரும் மறக்க மாட்டோம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் அளவுக்கு மழை. தாமிரபரணி கரை புரண்டு ஏரலும் ஸ்ரீவைகுண்டமும் முங்கின. செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோனது. கரண்ட் இல்லை, போன் இல்லை. அப்போது நமக்கு வேண்டியது சின்னச் சின்ன விஷயங்கள்தான். எந்தப் பாலம் உடைந்திருக்கு? குடிக்கிற தண்ணியை எப்படிச் சுத்தம் பண்றது? நனைந்த பாஸ்புக்கையும் குழு நோட்டையும் என்ன செய்யறது? செத்த ஆட்டுக்கு நிவாரணம் வாங்க யாரிடம் எழுதித் தரணும்? அடுப்புப் பக்கத்தில் பேட்டரி ரேடியோ ஒன்று இருந்து, அதில் நம் தாலுகாவைப் பற்றிப் பேச ஆளும் இருந்திருந்தால் எவ்வளவு நஷ்டம் குறைந்திருக்கும்.

சமுதாய வானொலி நமக்கு எட்டாத விஷயம் இல்லை. பதிவு பெற்று மூன்று வருஷம் மக்கள் பணி செய்த அமைப்பு விண்ணப்பிக்கலாம் என்பது விதி. ஒலிபரப்பும் சக்தி சின்னதுதான், பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டருக்குக் கேட்கும். கொற்கையில் கோபுரம் நட்டால் ஏரல், உமரிக்காடு, முக்காணி, பழையகாயல் வரைக்கும் போகும். ஆனால் அதற்குப் பணமும் ஆளும் காலமும் வேண்டும். மாச்சனூர்ப் பெண்கள் உரிமத்துக்கு முன்னால் பத்து வருஷம் செய்த வேலையை நாம் இப்போதே ஆரம்பிக்கலாம்.

என் யோசனை மூன்று. ஒன்று, ஒவ்வொரு குழுவும் தீர்மானப் புத்தகத்தில் கடைசிப் பக்கங்களைக் கேள்விக்கு ஒதுக்கணும். மாதம் ஒரு கேள்வி போதும். கேட்டவர் தொழில் என்ன என்பதையும் எழுதணும். இரண்டு, கூட்டமைப்பு அந்தக் கேள்விகளைத் தொகுத்து மீன்வளக் கல்லூரிக்கும் வேளாண்மைக் கல்லூரிக்கும் கால்நடை மருத்துவருக்கும் வங்கிக்கும் கொண்டுபோகணும். அவர்கள் சொல்லும் பதிலைப் போனில் அவர்கள் குரலிலேயே பதிவு பண்ணி, தேதியும் சொன்னவர் பேரும் சேர்த்து எல்லாக் குழுவுக்கும் அனுப்பணும். செய்து பார்த்தவர் அடுத்த மாதம் பலித்ததா என்று சொல்லணும். மூன்று, அதே கேள்விப் பட்டியலோடு திருநெல்வேலி வானொலிக்கு எழுதிக் கேட்கணும்: கருவாடு, உப்பளம், பனைத்தொழில் பெண்களுக்கு வாரம் ஒரு கால் மணி நேரம் தாருங்கள், கேள்வி நாங்கள் தருகிறோம் என்று. புனேயில் மன்றங்களிலிருந்து கேள்வி போனதால்தான் பதில் வந்தது.

முதல் கேள்வி எங்கள் குழு நோட்டில் ஏற்கெனவே ஏறிவிட்டது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் நெத்திலிக் கருவாட்டை வெயில் இல்லாமல் எப்படிக் காயவைப்பது, அதற்குக் கூட்டாக ஒரு உலர்த்தி வாங்கினால் எவ்வளவு ஆகும், கடன் கிடைக்குமா? மழைக்கு முன்னால் பதில் வாங்கிவிட வேண்டும். உங்கள் குழுவின் கேள்வியை அடுத்த கூட்டமைப்புக் கூட்டத்துக்கு எழுதி எடுத்துக்கொண்டு வாருங்கள்.